ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கேமரா யோக்கியமாகிவிடுமா?

மக்கா, நேராகவே கேட்டுவிடுகிறேன். ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீட்டில், நீங்கள் பணம் அனுப்பி மாட்டச் சொன்ன சிசிடிவி கேமரா இருக்கிறதல்லவா? அதை உங்களைத் தவிர இன்னும் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

"சீச்சீ, யாரு பார்க்கப் போறா? அதான் இப்போ கவர்மெண்டே டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் கொடுத்த பிறகுதானே விற்கவே விடுறாங்க" என்று இங்கே சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பாதி, "அதெல்லாம் பழைய லைசென்ஸ் ராஜ் புது சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்கிறது. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் 'டெஸ்ட் பாஸ்' என்ற இரண்டு வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று கொஞ்சம் தெரியும். ஆணி குறைவாக இருக்கிற வாரம் இது. விரிவாகவே பேசிவிடலாம்.

முதலில் சட்டம். 2024 ஏப்ரல் 9ஆம் தேதி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கிற சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்றது. ஆறு மாதத்தில் வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போய் 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்தது. சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? போர்டில் பொறியாளர்கள் பயன்படுத்தும் டீபக் வாசல்கள் மூடியிருக்கின்றனவா, படம் நெட்வொர்க்கில் போகும்போது என்க்ரிப்ட் ஆகிறதா, ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் அது உண்மையில் கம்பெனியிடமிருந்துதான் வருகிறது என்று கேமரா சரிபார்க்கிறதா, எல்லாக் கேமராவுக்கும் ஒரே ரகசியச் சாவியா அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவியா, உள்ளே உள்ள சிப் எங்கிருந்து வந்தது – இப்படிப் போகிறது பட்டியல். சோர்ஸ் கோடையும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

நல்ல பட்டியல். இதைப் போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்தச் சோதனைகளுக்குப் பொறுப்பு எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசு இயக்குநரகம். 1980இல் தொடங்கியது. அதற்கு டெல்லி, கொல்கத்தா, மும்பை, திருவனந்தபுரம் என்று நான்கு மண்டல ஆய்வகங்கள் உண்டு. ஆமாம், தெற்குக்கு நம்ம திருவனந்தபுரம்தான். 'நம்ம' என்று சொல்வது உரிமையில்தான். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். பெரிய ஆஸ்பத்திரி என்றாலும், ஏர்போர்ட் என்றாலும், டெக்னோபார்க் வேலை என்றாலும் எங்கள் பக்கத்து ஜனம் இன்றும் வடக்கே பார்த்துத்தான் பஸ் ஏறும். அந்த ஊரிலேயே வெள்ளையம்பலத்தில் சி-டாக் இருக்கிறது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உதவுகிற சைபர் தடயவியல் கருவிகளைச் செய்த இடம். கேமரா ஒப்பந்தங்கள் எடுக்கும் கெல்ட்ரான் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். பாதுகாப்புச் சோதனை, தடயவியல், மின்னணு உற்பத்தி மூன்றும் ஒரே ஊரில்.

அதே ஊரில் 2025 டிசம்பரில் என்ன செய்தி வந்தது? மாநில அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் தியேட்டர்களில், படம் பார்க்க வந்த ஜோடிகளின் சிசிடிவி காட்சிகள் ஆபாசத் தளங்களில் கிடக்கின்றன என்று. கழகமும் விசாரணை, போலீஸ் புகார் என்று ஓடியது. வெளியே இருந்து யாராவது உள்ளே நுழைந்தார்களா, உள்ளே இருந்தவரே எடுத்துக் கொடுத்தாரா என்று டிவியில் விவாதம். நான் கேட்பது வேறு. இதில் எது நடந்திருந்தாலும், 'இந்த மாடல் சோதனையில் தேறியது' என்ற காகிதம் அந்தப் பெண்களில் ஒருவரையாவது காப்பாற்றியிருக்குமா?

காப்பாற்றியிருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊர்க் கடைகளில் தராசுக்கு முத்திரை போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எடை அளவுத் துறை ஆய்வாளர் வந்து பார்த்து முத்திரை வைப்பார். ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்று யாரும் சொல்வதில்லை. எலக்ட்ரானிக் தராசு என்றால் வருஷா வருஷம் மறுமுத்திரை. ஏனென்றால் தராசு தேயும், கடைக்காரர் கையும் சும்மா இருக்காது. அரிசி நிறுக்கிற தராசுக்கே இவ்வளவு எச்சரிக்கை.

கேமரா என்பது கண்ணாடி ஒட்டிய கம்ப்யூட்டர். அதில் ஓடுகிற ஃபர்ம்வேர் மாறிக்கொண்டே இருக்கும். மாறாவிட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள் நிற்பதில்லை. சோதனைச்சாலைக்கு ஒரு மாடல் போகிறது, அதில் ஒரு குறிப்பிட்ட ஃபர்ம்வேர் பதிப்பு இருக்கிறது, அது ஒரு குறிப்பிட்ட தேதியில் தேறுகிறது. சான்றிதழ் என்பது அந்த ஒரு நாளின் போட்டோ. கல்யாணப் போட்டோவைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா?

"நீ சும்மா பயமுறுத்துகிறாய், ஆய்வகம் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த பிறகு என்ன ஓட்டை வரும்" என்பவர்களுக்கு எஸ்டோனியா கதை. அங்கே தேசிய அடையாள அட்டையில் ஒரு சிப் உண்டு. ஓட்டுப் போடுவது முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாம் அதில்தான். சிப்பைச் செய்தது ஜெர்மனியின் இன்ஃபினியான். காமன் கிரைட்டீரியா என்ற சர்வதேச முறையில் உயர்ந்த நிலைச் சான்றிதழ் வாங்கிய பொருள். (இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் 2013 செப்டம்பரில் சான்றிதழ் வழங்கும் உறுப்பினராகச் சேர்ந்தது. நம் எஸ்டிக்யூசிதான் வழங்குகிறது.) 2017இல் செக் நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அந்தச் சிப்பில் சாவி உருவாக்கும் நிரலிலேயே பலவீனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7.5 லட்சம் அட்டைகள். பல வருஷங்களாக அந்த ஓட்டை சான்றிதழுக்குள்ளேயே சௌக்கியமாகக் குடியிருந்தது. சோதனை செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சோதனைக்கு எல்லை உண்டு, அவ்வளவுதான்.

எஸ்டோனியா எப்படித் தப்பித்தது? அரசு மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னது, நவம்பரில் பழைய சான்றுகளை நிறுத்தி வைத்தது, வீட்டில் இருந்தபடியே அட்டையைப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்து வைத்திருந்தது. அதாவது காப்பாற்றியது முத்திரை இல்லை. முத்திரை தோற்றபோது சொல்கிற நேர்மையும், சரிசெய்கிற ஏற்பாடும்தான்.

இப்போது கேமராவுக்கு வாருங்கள். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல் கேமராவை முழுதாகக் கைப்பற்றலாம். பத்துக்கு 9.8 என்று ஆபத்து மதிப்பெண். கம்பெனி திருத்தத்தையும் வெளியிட்டது. சரி, முடிந்ததா? ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் தேடிப் பார்த்தபோது 80,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் திருத்தம் போடாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. மருந்து கடையில் இருக்கிறது, நோயாளிக்குத் தான் நோயாளி என்றே தெரியாது. நம் அப்பாவுக்கு ஃபர்ம்வேர் என்றால் என்ன தெரியும்? மாட்டிவிட்டுப் போன பையன் திரும்ப வருவானா?

மாட்டிவிட்டுப் போகிற பையன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, சொந்தக்காரர் வீட்டில் கேமரா மாட்ட வந்த தம்பியிடம் பாஸ்வேர்டு என்ன வைக்கிறாய் என்று கேட்டேன். "எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான் அண்ணே. இல்லேன்னா எனக்கு ஞாபகம் நிக்காதுல்லா" என்றான். கள்ளம் இல்லாத பையன். அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பாஸ்வேர்டு தெரிந்தால் எல்லா வீட்டுப் படுக்கையறையும் தெரியும். குஜராத்தில் ராஜ்கோட்டில் பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறைக் காட்சிகள் 2025இல் இணையத்தில் விலைக்குப் போனது இப்படித்தான். அங்கே இருந்தது 'அட்மின்123' என்ற பாஸ்வேர்டு. கேமரா எவ்வளவு தேறியிருந்தாலும், பூட்டின் சாவி வாசல் படியிலேயே கிடந்தால் என்ன செய்வது?

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிற இந்தச் சிங்கப்பூரில், 2020 அக்டோபரில் வீட்டுக் கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்தன. தாய்ப்பால் கொடுக்கிற அம்மாக்கள், குழந்தைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். அதே மாதத்தில்தான் இங்கே சைபர் பாதுகாப்பு முகமை, வீட்டுச் சாதனங்களுக்கு ஒரு லேபிள் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நான்கு நிலைகள், ஏசி பெட்டியில் மின்சார ஸ்டார் இருப்பது மாதிரி. அதில் எனக்குப் பிடித்த சங்கதி, லேபிளுக்குக் காலாவதி உண்டு. கம்பெனி அப்டேட் கொடுக்கிற காலம் வரைதான், அதுவும் அதிகபட்சம் மூன்று வருஷம்தான் செல்லும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ள சட்டம் இன்னும் எளிமை. எல்லாப் பொருளுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. ஓட்டை கண்டவர் யாரிடம் சொல்வது என்று முகவரி கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலத்துக்கு என்று வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்றே மூன்று விஷயம், சாதாரண ஜனத்துக்குப் புரிகிற மாதிரி.

நம் ஊர் முத்திரையில் வாங்குகிறவருக்கு என்ன புரிகிறது? எந்த மாடல் தேறியது என்று தெரிந்துகொள்ளலாம். எந்தப் பதிப்பில் தேறியது, ஆய்வகம் முதலில் எதில் தவறு சொன்னது, அது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்கிற அறிக்கை வாங்குகிறவர் கைக்கு வருவதில்லை. அப்டேட் எந்த வருஷம் வரை வரும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ சாலை பஜாரிலோ பேரம் பேசுகிற மனுஷனுக்குத் தெரிவது 'கவர்மெண்ட் அப்ரூவ்டு' என்ற கடைக்காரர் வாக்குதான்.

இன்னொரு பெரிய ஓட்டை: பழைய கேமராக்கள். விதி விற்பனைக்குத்தான். ஏற்கெனவே சுவரில் இருக்கிறவற்றை அது தொடாது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது, அரசு அலுவலகங்களில் மட்டும் சீன நிறுவனங்களின் கேமராக்கள் 10 லட்சம் இருப்பதாக. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களை வைத்துப் போக்குவரத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். அவற்றை மாட்டியபோது இந்த விதியே பிறக்கவில்லை. படத்தைக் காட்டி என்னிடம் அபராதம் கேட்கிற கேமரா பத்திரமானதா என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? நம் வீடுகளில் உள்ளவற்றின் கணக்கை யார் எடுப்பது?

இங்கே தேசபக்த நண்பர்கள் குறுக்கே வருவார்கள். "சீனச் சாமானை ஒழித்தாகிவிட்டதே, இனி என்ன பயம்?" சீனக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் இருக்கிற பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. 2019இல் பால் மராபீஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கேமரா தெரிகிற வசதி இருக்கிறதே, அதற்கான ஒரே மென்பொருள் நூற்றுக்கணக்கான பிராண்டுகளில் இருந்தது. அதில் ஓட்டை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள். சரக்கு ஒன்று, பெயர்ப்பலகை நூறு. அதனால் சிப்பின் பூர்வீகத்தை விசாரிப்பது சரியான வேலை. பூர்வீகம் தெரிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. 2016 அக்டோபரில் மிராய் என்ற நச்சுநிரல், உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. அதன் ஆயுதம் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட டிஃபால்ட் பாஸ்வேர்டுகள், அவ்வளவுதான். உளவு நாடு எதுவும் தேவைப்படவில்லை.

மறுபக்கத்து நண்பர்கள், "சோதனையே வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். கம்பெனிகள் ஆய்வக வரிசையில் காத்திருப்பது பற்றிப் புலம்பியதும் செய்தியாக வந்தது. வரிசை நீளம் என்றால் ஆய்வகங்களைக் கூட்டுங்கள், பொறியாளர்களை எடுங்கள். திருவனந்தபுரத்தில் பொறியாளர்களுக்கா பஞ்சம்? அங்கே படித்த பிள்ளைகள் இந்த வேலையை வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் மட்டும் வேண்டாம். வாங்குகிறவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சந்தை தண்டிக்காது. கலப்பட எண்ணெய்க்கும் இதே கதைதான்.

ஆக நான் கேட்பது நான்கு.

ஒன்று: சான்றிதழில் மாடல் பெயரோடு ஃபர்ம்வேர் பதிப்பும் இருக்க வேண்டும். பதிப்பு பெரிதாக மாறினால் மறுசோதனை வேண்டும், தராசுக்குச் செய்வது மாதிரி.

இரண்டு: 'இந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு' என்று பெட்டியின் மேல், அந்தந்த மாநில மொழியில். மாத்திரை அட்டையில் காலாவதி போடுகிறோம் இல்லையா?

மூன்று: சோதனை அறிக்கையின் சுருக்கம் பொதுவில் வர வேண்டும். காமன் கிரைட்டீரியாவில் சான்றறிக்கைகளை வெளியிடுகிற பழக்கம் எஸ்டிக்யூசிக்கு ஏற்கெனவே உண்டு. வீட்டுக் கேமராவுக்கும் அதையே செய்வதில் என்ன கஷ்டம்? சோர்ஸ் கோடை ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும்.

நான்கு: நல்ல எண்ணத்தில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். நல்ல எண்ணத்தோடு சோதித்தவர் என்று அதில் தனி விலக்கு கிடையாது. சொன்னவன் மேலேயே கேஸ் வந்தால் அடுத்தவன் ஏன் சொல்வான்? திருடனிடம் விற்றுவிட்டுப் போவான். எஸ்டோனியாவைக் காப்பாற்றியவர்கள் அரசு ஆய்வகத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். அதுவரை நாம் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது சாப்பாடு, சுகர், கரண்ட் பில் எல்லாம் விசாரித்த பிறகு இதையும் பாருங்கள்:

கேமரா ஆப்பில் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மாட்டிய தம்பிக்குத் தெரியக் கூடாது. தப்பாக நினைக்க மாட்டான்.

ஆப்பில் 'ஷேர்' செய்யப்பட்ட ஆட்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயரை நீக்குங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தால், அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குவது உத்தமம். அப்பா "நல்லாத்தானே ஓடுது" என்பார். சமாளியுங்கள்.

படுக்கையறை, குளியலறைப் பக்கம், உடை மாற்றுகிற இடம் எதிலும் கேமரா வேண்டாம். வாசல், மாடிப்படி, தொழுவம் போதும். அம்மா விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கும் உண்டு. அதற்குப் பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரும், கழுத்தில் மாட்டுகிற அழைப்பு மணியும் கேமராவைவிட மேல்.

புதிதாக வாங்கினால், கடைக்காரரிடம் இரண்டே கேள்வி: எந்தப் பதிப்புக்குச் சான்று? எத்தனை வருஷம் அப்டேட்? பதில் தெரியாது என்பார். தெரியாது என்று நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகாவது கம்பெனியிடம் கேட்பார்.

வெளியூரில் இருக்கிற நாம்தான் இந்தக் கேமராக்களின் பெரிய வாடிக்கையாளர்கள். வீட்டில் இருக்கிற கிழவனும் கிழவியும் தங்களைத் தாங்களே பார்க்கக் கேமரா வாங்கவில்லை. நம் குற்ற உணர்ச்சிக்கு நாம் வாங்கி மாட்டியது. அவர்களிடம் அனுமதிகூடப் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டோம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று விசாரிக்கிற பொறுப்பை ஒரு ஸ்டிக்கரிடம் விட்டுவிட முடியாது. அதை நம்மிடமும் அரசாங்கத்திடமும்தான் கேட்க வேண்டும்.

டிஸ்கி: எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டுத் தனி மெயில் போட வேண்டாம். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. மேலே சொன்ன இரண்டு கேள்விக்கு எவன் பதில் சொல்கிறானோ, அவனிடம் வாங்குங்கள்.